எழுத்துப் பலகையில் 6/9, வாசற்படியில் தடுமாற்றம்: ஆர்.பி. உள்ள வாசகருக்குக் கண் மருத்துவரின் பதில்

தென்மாவட்டத்திலிருந்து 31 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதி, தன் ரிப்போர்ட்டுகளின் நகல்களையும் இணைத்திருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கம் இது.

அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். சிறு வயதிலிருந்தே இருட்டினால் கண் தெரியாது. வீட்டில் அதை மாலைக்கண் என்று சொல்லி, கேரட்டும் முருங்கைக்கீரையும் கொடுத்து வளர்த்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, அதாவது ஆர்.பி. என்ற பரம்பரை விழித்திரை நோய் என்று தெரியவந்தது. அப்பா தன் அக்காள் மகளையே மணந்தவர். அப்பா அம்மா இருவருக்கும் கண்ணில் குறையில்லை. 24 வயதுத் தங்கைக்கு இதுவரை பரிசோதனை எதுவும் செய்யவில்லை.

கண்ணாடி போட்டால் இரு கண்ணிலும் 6/9, ஏறக்குறைய இயல்பான பார்வை. "இவ்வளவு நல்லா படிக்கிறீங்க, பயப்பட ஒண்ணுமில்ல" என்று முகாமில் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அம்மா நீட்டும் காபி டம்ளரைத் தட்டிவிடுகிறார். அலுவலக வராந்தாவில் ஸ்டூலில் இடித்துக்கொள்கிறார். "கவனமே கிடையாது" என்று எல்லாரிடமும் பேச்சு வாங்குகிறார். ஃபீல்டு டெஸ்ட்டில் நடுவில் சுமார் 15 டிகிரி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. விழித்திரையின் மின் அலையை அளக்கும் ஈ.ஆர்.ஜி. "பதிவாகவில்லை" என்கிறது. ஓ.சி.டி. ஸ்கேனில் விழித்திரை நடுப்பகுதியின் தடிமன் வலது கண்ணில் 214 மைக்ரான், சிவப்பில். இடது கண்ணில் 271, பச்சையில். இடது கண்ணுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை, "இது பிரஷர் இருக்கிறவங்களுக்குப் போடுறது" என்று மருந்துக்கடையில் சொன்னதால் பத்து நாளில் நிறுத்திவிட்டார்.

அவர் கேட்பவை: எந்த ரிப்போர்ட்டை நம்புவது? தினமும் 14 கிலோமீட்டர் பைக்கில் போய் வருவதைத் தொடரலாமா? 6/60-க்குக் கீழே போனால்தான் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்கும் என்கிறார்களே, வெளியே சொன்னால் வேலை போய்விடுமா? அம்மா தன் தம்பி மகளைப் பேசி முடிக்க நினைக்கிறார், சரியா? மூன்றரை லட்சம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போடுவதாக வெளிமாநில மையம் ஒன்று சொல்கிறது, போகலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ரிப்போர்ட்டுகள் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது, அவ்வளவுதான். எழுத்துப் பலகை, விழித்திரையின் நட்ட நடுப்புள்ளியை அளக்கிறது. ஓ.சி.டி. அதன் அடுக்குகள் எப்படி இருக்கின்றன என்று காட்டுகிறது. ஃபீல்டு டெஸ்ட், எவ்வளவு அகலம் தெரிகிறது என்று சொல்கிறது. நீங்கள் நடந்து, படியேறி, ஆட்களோடு புழங்கும் பார்வையை இந்த மூன்றில் எதுவும் நேராக அளக்கவில்லை. அதற்குத் தனி வழி உண்டு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கவனக்குறைவான ஆள் இல்லை. டம்ளர் நிஜமாகவே உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

6/9 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

எழுத்துப் பலகையின் உச்சியில் இருக்கும் பெரிய எழுத்து, அதாவது 6/60 எழுத்து, கண்ணில் அடைத்துக்கொள்ளும் இடம் ஒரு டிகிரிக்கும் குறைவு. 6/9 வரிசை எழுத்து அதிலும் சிறியது, ஒரு டிகிரியில் எட்டில் ஒரு பங்கு. ஆக, நடுவில் இரண்டு மூன்று டிகிரி ஆரோக்கியமாக இருந்தாலே பலகையைக் கடைசிவரை படித்துவிடலாம். ஆர்.பி.யில் முதலில் சாவது மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்யும் ராட் செல்கள். அவை நடுப்புள்ளியில் இல்லை. அதைச் சுற்றித்தான் அடர்ந்திருக்கின்றன. அதனால்தான் முதலில் இரவுப் பார்வை போகிறது, பிறகு சுற்றுவட்டம் சுருங்குகிறது, நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. முகாமில் சொன்னது பொய்யில்லை. பலகையை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கண்ணுக்கும் தீர்ப்புச் சொன்னதுதான் தவறு.

15 டிகிரி என்பதை வீட்டில் புரியவைக்க ஒரு கணக்கு. ஒரு மீட்டர் தொலைவில் 15 டிகிரி என்பது 26 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டு. எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்தீர்கள் என்றால் அந்த வட்டம் முகத்தோடு நிரம்பிவிடும். மார்புக்கு நேரே நீட்டிய டம்ளர் வட்டத்துக்கு வெளியே. அட்டையில் 26 செ.மீ. வட்டம் வெட்டி, ஒரு மீட்டர் தள்ளி ஒருவர் பிடித்துக்கொள்ள, அம்மா ஒரு கண்ணை மூடி அதன் வழியாக மட்டும் பார்க்கட்டும். ரிப்போர்ட்டைக் காட்டி விளக்குவதைவிட இது சீக்கிரம் மனதில் இறங்கும்.

"பதிவாகவில்லை" என்ற ஈ.ஆர்.ஜி. வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஈ.ஆர்.ஜி. என்பது விழித்திரை முழுவதும் சேர்ந்து எழுப்பும் மின் அலையின் கூட்டுத்தொகை. நடுவில் சிறு வட்டம் மட்டும் நன்றாக இருக்கும்போது அந்த அலை கருவியின் இரைச்சலுக்குள் அமுங்கிவிடும். அலை பதிவாகாத நிலையிலும் செய்தித்தாள் படிப்பவர்கள் நிறைய உண்டு. நோய் என்ன, எவ்வளவு பரவியிருக்கிறது என்று உறுதிசெய்ய ஈ.ஆர்.ஜி. உதவும். அந்த வேலை முடிந்துவிட்டது. இனி ஆண்டுதோறும் அதைத் திரும்ப எடுத்துப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

பச்சையில் இருக்கும் இடது கண்தான் கவனிக்க வேண்டியது

கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய இடம் இது. இடது கண் பச்சையில் இருப்பதால் அதுதான் நல்ல கண் என்று நினைத்திருக்கிறீர்கள். ஓ.சி.டி. தாளின் கீழே சின்ன எழுத்தில் "நீர்க்கட்டி இடைவெளிகள்" என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். ஆர்.பி.யில் நடு விழித்திரைக்குள் நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். மெலிந்துபோன திசுவில் நீர் சேர்ந்தால் மொத்தத் தடிமன் சாதாரண அளவுக்கு ஏறிவிடும். கருவி தடிமனை மட்டும் பார்த்துப் பச்சை நிறம் போடுகிறது. உள்ளே இருப்பது செல்லா, நீரா என்று அந்த நிறம் பிரித்துச் சொல்லாது.

டாக்டர் எழுதிக்கொடுத்த டோர்சோலமைடு 2 சதவீதச் சொட்டு மருந்து பொதுவாகக் கண் நீர் அழுத்தத்துக்குத் தருவதுதான். கடைக்காரர் சொன்னதில் அதுவரை பிழையில்லை. ஆனால் அதே மருந்து விழித்திரைக்குள் கோத்த நீரை வெளியேற்றவும் உதவும்; ஆர்.பி. நீர்க்கோப்புக்கு முதலில் தருவதே இதைத்தான். வழக்கமான அளவு ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒன்றிரண்டு மாதம் போட்டுவிட்டு மறுபடி ஓ.சி.டி. எடுத்தால்தான் வேலை செய்கிறதா என்று தெரியும். பத்து நாளில் எதுவும் சொல்ல முடியாது. போட்டவுடன் எரியும், வாயில் கசக்கும். கண்ணின் உள்மூலையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் இறங்காது, கசப்பும் குறையும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். சொட்டுக்குக் கேட்காவிட்டால் அசிட்டசோலமைடு மாத்திரை உண்டு. அதில் விரல் மரத்துப்போவது, சிறுநீரகக் கல், பொட்டாசியம் குறைவது போன்ற தொல்லைகள் இருப்பதால் கண்காணிப்போடுதான் எடுக்க வேண்டும். ஆர்.பி.யில் நம்மால் இன்று சரிசெய்ய முடிந்தவை சிலவே. அவற்றில் ஒன்று உங்கள் இடது கண்ணில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். மற்றொன்று கண்புரை. ஆர்.பி. உள்ளவர்களுக்கு இளவயதிலேயே லென்ஸின் பின்புறத்தில் புரை விழும். எதிர்வெயிலில் பார்வை திடீரென மோசமானால் "நோய் முற்றிவிட்டது" என்று நீங்களாக முடிவுகட்டாமல் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நோய் எந்த வேகத்தில் போகிறது என்று கண்டுபிடிக்கத் தடிமனைவிட நல்ல அளவு ஒன்று அதே ஓ.சி.டி. படத்தில் இருக்கிறது. விழித்திரையின் குறுக்குவெட்டில், ஒளி உணரும் செல்கள் நலமாக இருக்கும் இடம்வரை எலிப்சாய்டு ஸோன் என்ற வெளிர்கோடு தெரியும். செல் அழிந்த இடத்தில் அறுந்துவிடும். நடுப்புள்ளி வழியாகக் கிடைமட்டமாக அந்தக் கோட்டின் நீளத்தை அளப்பார்கள். உங்கள் வலது கண்ணில் இரண்டு ஆண்டுக்கு முன் 2.6 மில்லிமீட்டர், இப்போது 2.4. விழித்திரையில் ஒரு டிகிரி சுமார் 0.29 மி.மீ.; ஆக, முழு நலத்தோடு இருப்பது ஏறக்குறைய 8 டிகிரி. ஃபீல்டில் 15 டிகிரி வருகிறதே என்றால், கோடு அறுந்த இடத்துக்கு வெளியிலும் அரைகுறையாக வேலை செய்யும் செல்கள் கொஞ்சம் உண்டு. பிரகாசமான புள்ளியைக் காட்டினால் அவை பதில் சொல்லும். மங்கலானதைக் காட்டினால் சொல்லாது. பகலில் தெரிகிற ஸ்டூல் மாலையில் மறைவது இதனால்தான்.

0.2 மி.மீ. குறைவு நிஜமானதாக இருக்கலாம், அளவெடுப்பில் வரும் பிசகாகவும் இருக்கலாம். ஒரே கருவியில், முந்தைய படத்தின் அதே இடத்தைத் தேடி எடுக்கும் தொடர்பார்வை முறையில் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, மூன்று நான்கு அளவு சேர்ந்தால் போக்கு தெரியும். கருவி மாறினால் ஒப்பிட முடியாது. ஓ.சி.டி.யோடு ஆட்டோஃப்ளோரசன்ஸ் படமும் எடுக்கச் சொல்லுங்கள். சாயம் ஏற்றாமல் எடுக்கும் படம் அது. ஆர்.பி. உள்ள பலருக்கு அதில் நடுவைச் சுற்றி ஒளிரும் வளையம் ஒன்று தெரியும். வளையத்துக்கு உள்ளே இருப்பது பிழைத்திருக்கும் பகுதி. ஆண்டுகள் போகப்போக வளையம் சுருங்கும். "எத்தனை வருஷத்தில் முழுக்கப் போகும்" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு அளவை வைத்து வருடம் குறித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

ஃபீல்டு டெஸ்ட்டைச் சரியான கட்டத்தில் எடுங்கள்

உங்களுக்கு எடுத்திருப்பது ஹம்ஃப்ரி 24-2. அதில் 54 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 6 டிகிரி. உங்களுக்கு மிஞ்சியிருக்கும் வட்டத்துக்குள் உறுதியாக விழுவது நடுவில் உள்ள நான்கே புள்ளிகள். நான்கை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கம் பார்க்க முடியாது. நடுவிலிருந்து 10 டிகிரிக்குள் 68 புள்ளிகளை 2 டிகிரி இடைவெளியில் சோதிக்கும் 10-2 கட்டம் வேண்டும். அதே சமயம் 30 டிகிரிக்கு வெளியே, காதுப்பக்க ஓரத்தில், சிறு தீவு போலப் பார்வை மிஞ்சியிருக்கலாம். அது இருந்தால் நடமாட்டத்துக்குப் பெரிய உதவி. அதை 24-2 தேடுவதே இல்லை. கோல்ட்மான் முறை, அல்லது கணினி வழியில் அதே போலப் புள்ளியை ஓரத்திலிருந்து நகர்த்திவரும் முறைதான் கண்டுபிடிக்கும். சான்றிதழுக்கும் அந்த வரைபடம் கையில் இருப்பது நல்லது.

முதல் முறை எடுக்கும் ஃபீல்டு பெரும்பாலும் மோசமாகத்தான் வரும்; பழக்கம் வேண்டும். அதனால் சில வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டாவதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டினியோடு, இரவுத் தூக்கம் இல்லாமல் போகாதீர்கள். தெரியாத புள்ளிக்குப் பட்டனை அழுத்தினால் பார்வை இருப்பதாகப் பொய்க்கணக்கு வரும். கண்ணை அலையவிட்டாலும் அப்படியே. தாளின் மேல்மூலையில் இந்தப் பிழைகளின் விகிதம் அச்சாகியிருக்கும். அது அதிகமாக இருக்கும் தாளை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

நடமாடும் பார்வையை அளப்பது

மரபணுச் சிகிச்சை வந்தபோதுதான், நடமாடும் பார்வையை எப்படி அளப்பது என்ற கேள்வி மருத்துவ உலகத்தையே யோசிக்கவைத்தது. ஆர்.பி.இ.65 என்ற மரபணுக் கோளாறுக்கான லக்ஸ்டர்னா மருந்துக்கு அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதி தந்தது. அது வேலை செய்கிறது என்று நிரூபிக்க எழுத்துப் பலகை போதவில்லை. அம்புக்குறி வரைந்த பாதையில், தடைகளைத் தாண்டி, ஏழு வகை வெளிச்ச அளவுகளில் ஆளை நடக்கவைத்துப் பார்த்தார்கள். மிகக் குறைந்தது 1 லக்ஸ், மிக அதிகம் 400 லக்ஸ். எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் இடிக்காமல், நேரத்துக்குள் நடந்து முடிக்கிறார் என்பதுதான் மதிப்பெண். முழு நிலா வெளிச்சம் ஒரு லக்ஸுக்கும் கீழே. நல்ல விளக்குள்ள அலுவலகம் 300 முதல் 500 வரை. எவ்வளவு தெரிகிறது என்பதோடு எந்த வெளிச்சத்தில் தெரிகிறது என்றும் கேட்டாக வேண்டும் என்று அந்தச் சோதனை எடுத்துக்காட்டியது.

அந்தப் பாதை உங்கள் ஊரில் இருக்காது. ஆனால் அதே கேள்விகளை நீங்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: இடித்த பொருள் எது, இடுப்புக்கு மேலா கீழா, எந்தப் பக்கம், அப்போது வெளிச்சம் எப்படி, வெயிலிலிருந்து உள்ளே வந்து எத்தனை நிமிடம் ஆகியிருந்தது. படிக்கும்போது அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறவிடுகிறீர்களா, சிமெண்ட் படியின் விளிம்பு தெரிகிறதா, சாம்பார் எவர்சில்வர் கிண்ணத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறதா என்றும் குறியுங்கள். விழித்திரை மரபுநோய்களுக்கென்றே அமெரிக்காவின் மிச்சிகனில் உருவான 59 கேள்விப் பட்டியல் இதையெல்லாம் நடுப்பார்வை, நிறம், ஒளி வேறுபாடு, இருட்டு, பகல் ஓரப்பார்வை, மங்கல் வெளிச்ச ஓரப்பார்வை, கண்கூச்சம் என்று ஏழாகப் பிரிக்கிறது. நம் நாட்டு வாழ்க்கைக்கென்று 33 கேள்விகள் கொண்ட இந்தியப் பார்வைச் செயல்பாட்டுப் படிவமும் இருக்கிறது. பெரிய கண் மருத்துவமனைகளில் பார்வைக் குறைபாட்டு மறுவாழ்வுப் பிரிவு என்று தனியாக இருக்கும். நோட்டை அங்கே எடுத்துப் போங்கள். ஒரே அளவு எழுத்துகள் படிப்படியாக வெளிறிப்போகும் பெல்லி-ராப்ஸன் பலகையிலும் சோதிக்கச் சொல்லுங்கள். கறுப்பு எழுத்தை 6/9 படிப்பவர் அதில் தடுமாறினால், சாம்பல் நிறப் படியில் கால் தவறுவதன் காரணம் தெரிந்துவிடும்.

அதன் பிறகு செய்யக்கூடியவை எளிமையானவை. படி விளிம்பு ஒவ்வொன்றிலும் ஐந்து சென்டிமீட்டர் அகல மஞ்சள் டேப். கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும் அல்லது முழுக்க மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நேராக நெற்றியில் வந்து இடிக்கும். காபியை நீட்டாமல் "வலப்பக்கம் வைக்கிறேன்" என்று சொல்லி மேசையில் வைக்கச் சொல்லுங்கள். வெயிலில் அம்பர் நிறக் கண்ணாடியும் தொப்பியும், இருட்டில் அகலமாக ஒளி விழும் டார்ச்சும் வேண்டும். கால் வைக்கும் முன் கண்ணை இடமும் வலமும் தரையுமாகத் துழாவும் பழக்கத்தை நடமாட்டப் பயிற்சியில் கற்றுத்தருவார்கள். அங்கே வெள்ளைக்கோல் தந்தால் தயங்காதீர்கள். மாலையில் மட்டும் கோல் பிடித்து, பகலில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும் ஆர்.பி. நோயாளிகள் பலர். முழுக்கப் பார்வை போனவருக்குத்தான் கோல் என்பது தவறான எண்ணம்.

பைக்

இதில் இழுபறியாகப் பேச எனக்கு மனமில்லை. நிறுத்திவிடுங்கள், பகலிலும்தான். பத்து மீட்டர் முன்னால் உங்கள் கண்ணுக்குள் விழும் அகலம் 2.6 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பத்து மீட்டர் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். ஓரத்திலிருந்து ஓடிவரும் குழந்தை அந்த 2.6 மீட்டருக்குள் வரும்வரை உங்களுக்குத் தெரியாது. பிரிட்டனில் கார் ஓட்டக் கிடைமட்டமாக 120 டிகிரி வேண்டும் என்கிறார்கள். உங்களிடம் இருப்பது 15. நம் நாட்டிலும் ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல் "உங்களுக்கு மாலைக்கண் உண்டா" என்று நேராகவே கேட்கிறார்கள். அதில் இல்லை என்று கையெழுத்திடுவது பொய் உறுதிமொழி. பஸ்ஸில் போனால் கூடுதலாக நாற்பது நிமிடம் ஆகும், வீட்டில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சங்கடம் புரிகிறது. ஆனாலும் பதில் மாறாது.

சான்றிதழும் வேலையும்

6/60 கணக்கு பழையது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பார்வைக் கூர்மையோடு பார்வைப் பரப்பையும் தனி அளவுகோலாக வைக்கிறது. பரப்பு 40 டிகிரிக்குக் கீழ் 10 டிகிரி வரை என்றால் குறைபார்வை. 10-க்கும் கீழே போனால் பார்வையின்மை. எழுத்து 6/9 படித்தாலும் 15 டிகிரி உள்ள நீங்கள் முதல் வகையில் வருகிறீர்கள். சலுகைகளுக்கான வரம்பு 40 சதவீதம். உங்களுக்கு அதற்கு மேல் வர வாய்ப்பு அதிகம் என்பது என் மதிப்பீடு. எண்ணை முடிவுசெய்வது மருத்துவக் குழு. இணையத்தில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, குழுவிடம் போகும்போது இரு கண்களின் ஃபீல்டு வரைபடம், ஓ.சி.டி., ஈ.ஆர்.ஜி. மூன்றையும் கொண்டுபோங்கள். பலகையை மட்டும் படிக்கச் சொல்லி அனுப்பப் பார்த்தால், பரப்பின் அடிப்படையில் மதிப்பிடும்படி பணிவாக, எழுத்திலேயே கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவி கிடைக்கும்.

வேலை போகும் என்ற பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பணிக்காலத்தில் குறைபாடு வந்தால் அரசு நிறுவனம் அந்த ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது பிரிவு 20. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். மறைத்து வைத்திருக்கும்வரை இந்தப் பாதுகாப்பைக் கேட்க வழியில்லை. இருட்டுமுன் வீடு திரும்ப ஏதுவாக நேரம், நல்ல விளக்குள்ள மேசை, கணினியில் கறுப்புத் திரை வெள்ளை எழுத்து, வராந்தாவிலிருந்து ஸ்டூலை எடுப்பது: இவை நியாயமான வசதிகள் என்ற பெயரில் நீங்கள் கேட்கக்கூடியவை.

மாமன் மகள்

"வெளியில் சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள், தம்பி மகள் என்றால் அனுசரித்துப் போவாள்" என்று அம்மா நினைப்பதில் பிள்ளை மேலுள்ள பாசம் தெரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பெற்றோர் நெருங்கிய சொந்தம், இருவருக்கும் நோயில்லை, பிள்ளைக்கு இருக்கிறது என்றால் பெரும்பாலும் இது ஒடுங்கு மரபு, அதாவது கோளாறான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். அப்படியானால் அம்மா அந்தக் கோளாறின் ஒரு பிரதியைச் சுமப்பது உறுதி. அவர் தம்பி சுமக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று; தம்பி மகள் சுமக்க நான்கில் ஒன்று. அவள் சுமந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டில் ஒன்று, குறைந்தபட்சமாக. உறவில்லாத பெண் என்றால் அது பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் கீழே. "எனக்கு இருப்பதால் பிள்ளைக்கு வந்தே தீரும்" என்று நீங்கள் பயப்படுவதும் சரியில்லை. ஒடுங்கு மரபில், உறவுக்கு வெளியே மணந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் சுமப்பவர்களாக மட்டுமே இருப்பார்கள், நோய் வராது.

ஆனால் இது ஊகத்தின் மேல் போட்ட கணக்கு. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் ஆர்.பி. என்றால் எல்லாமே மாறும். அதனால் முதலில் உங்களுக்கு மரபணுப் பரிசோதனை, மரபியல் ஆலோசகரோடு சேர்த்து. சென்னை, மதுரை, ஹைதராபாத்தின் பெரிய கண் மருத்துவமனைகளில் அதற்கான பிரிவு இருக்கிறது. எல்லாருக்கும் விடை கிடைத்துவிடாது. "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்தால் அதை நோய்க்காரணம் என்று எடுத்துக்கொண்டு கல்யாண முடிவு எடுக்காதீர்கள். காரணம் உறுதியானால் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் மாமன் மகளுக்குச் சோதிப்பது சுலபம், அவள் சம்மதித்தால். "கொஞ்சம் பார்வை கம்மி" என்று மட்டும் அவளிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவளோ, வெளியிலிருந்து வரும் பெண்ணோ, யாராக இருந்தாலும் 15 டிகிரியையும் சேர்த்து முழுசாகத் தெரிந்த பிறகுதான் சம்மதம் கேட்க வேண்டும்.

தங்கைக்கும் நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அறிகுறி இல்லை என்றாலும் கண் பாப்பாவை விரித்துச் செய்யும் பரிசோதனை, ஓ.சி.டி., ஈ.ஆர்.ஜி. மூன்றும் ஒருமுறை செய்துவிடுங்கள். நீங்கள் ஒருமுறை காதுக் கேள்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஆர்.பி.யோடு கேட்கும் திறன் குறையும் அஷர் வகையும் உண்டு; கேள்திறன் மெதுவாகக் குறைந்தால் சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது.

வைட்டமினும் ஊசியும்

முருங்கைக்கீரையும் கேரட்டும் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். ஆனால் வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் வேறு, உங்களுடையது வேறு. நீங்களாக வாங்கிப் போடும் வைட்டமின் ஏ மாத்திரையை நிறுத்துங்கள். தினம் 15,000 யூனிட் கொடுத்தால் நோய் சற்று மெதுவாகும் என்று 1993-ல் ஓர் ஆய்வு சொன்னது; அதே தரவை மரபணு வாரியாகப் பின்னாளில் அலசியபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதிக அளவு ஈரலையும் எலும்பையும் பாதிக்கும். ஏ.பி.சி.ஏ.4 மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு வைட்டமின் ஏ கெடுதலே செய்யலாம். உங்கள் மரபணு எது என்று இன்னும் தெரியாது.

ஸ்டெம் செல் ஊசிக்கு என் பதில், வேண்டாம். ஆர்.பி.க்கு ஸ்டெம் செல் இன்று நிலைபெற்ற சிகிச்சை கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, பதிவுசெய்த ஆய்வுக்குள் மட்டுமே அதைச் செய்யலாம். ஆய்வு என்றால் பங்கேற்பவரிடம் காசு வாங்கக் கூடாது. அமெரிக்காவில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரு கண்களிலும் ஒரே நேரத்தில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்த செய்தி 2017-ல் மருத்துவ இதழில் வந்தது. அவர்களும் பணம் கட்டித்தான் போட்டுக்கொண்டார்கள். அந்த மையத்திடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வின் எண் என்ன, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே, ஆய்வு என்றால் மூன்றரை லட்சம் எதற்கு. லக்ஸ்டர்னாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரு கண்ணுக்கும் அமெரிக்காவில் அறிவித்த விலை எட்டரை லட்சம் டாலர், அதுவும் ஆர்.பி.இ.65 கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும். மற்ற மரபணுக்களுக்கான ஆய்வுகள் நடந்துவருகின்றன. அவற்றில் சேர மரபணு ரிப்போர்ட்டும், ஒரே கருவியில் எடுத்த ஓ.சி.டி., ஃபீல்டு வரிசையும் கேட்பார்கள். கண்ணில் ஏற்கெனவே ஏதாவது ஊசி போட்டவரைப் பல ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை.

இந்த வாரமே மூன்று வேலை. இடது கண் சொட்டு மருந்தை மறுபடி தொடங்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள். அந்த மையத்துக்கு முன்பணமாகப் பத்தாயிரம் அனுப்புவதை நிறுத்துங்கள். பைக் சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள். மரபணுப் பரிசோதனைக்குப் போகும் நாளில் அம்மாவையும் கூட அழைத்துச் செல்லுங்கள். எட்டில் ஒன்று என்ற கணக்கை அவர் ஆலோசகர் வாயிலாகக் கேட்பது நல்லது.

அன்புடன்,
உங்கள் கண் மருத்துவர்